என்னைக் கேக்காம மூடின கெணறு

அவரு வர்றதுக்கு நேரமாகும் அம்மிணி. பாதாம் பூவுக்குத் தேனீப் பொட்டி வெக்கறவன் வந்திருக்கான், மேக்காலத் தோட்டத்துல நின்னு பேசிட்டு இருப்பாரு. பேச ஆள் கெடைச்சா அவருக்கு வீட்டு நெனப்பு வராது. நீ உக்காரு. அந்தப் போனை மேசைமேலயே வையி. பதிவாகறதுன்னா ஆகட்டும், எனக்கொண்ணும் பயமில்ல.

நீ என்ன எழுதப்போறேன்னு எனக்குத் தெரியும். உனக்கு முன்னாடியே ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரு சென்னைப் பத்திரிகைக்கு, இன்னொருத்தரு இங்கத்த தமிழ்ச் சங்க மலருக்கு. ரெண்டு பேரும் ஒரே தலைப்பைத்தான் போட்டாங்க. கொடுமுடி உழவன் மகன் அமெரிக்கச் சட்டமன்றத்தில் ஆறாண்டு. அப்ப நான் யாரு? நானும் உழவன் மகதான். காங்கயத்துக்குக் கெழக்க, மேட்டாங்காடு. எங்கப்பனும் ஏர் ஓட்டினவருதான். என்ற பேரு அதுல ஒரு எடத்துல வருது. "இவரது மனைவி மயிலாத்தாள் இல்லத்தரசி." இல்லத்தரசி. இந்தத் தோட்டத்துல ஆறு வருசம் நான் பண்ணையம் பாத்தேன் அம்மிணி. அவரு மாநிலத் தலைநகரத்துல கோட்டு மாட்டிட்டு உக்காந்திருந்த ஆறு வருசமும் இங்க பாதாம் உலுக்கற மெசினு ரிப்பேரானா கையில கிரீஸோட நின்னது நான். அதை எழுது மொதல்ல.

மொதல்ல இருந்தே சொல்றேன், அப்பத்தான் உனக்குப் புரியும்.

அவரு கோயமுத்தூர்ல விவசாயக் காலேஜ் முடிச்சுட்டு மேல்படிப்புன்னு கலிஃபோர்னியா வந்தாரு. வந்த எடத்துல ஒரு போர்ச்சுகல்காரப் பெரியவரு தோட்டத்துல லீவு நாள்ல வேலைக்குப் போயிருக்காரு. பாதாம் மரத்துக்குக் கவாத்துப் பண்றது. படிப்பு முடிஞ்சும் அங்கேயே ஒட்டிக்கிட்டாரு. நான் கண்ணாலமாகி வந்து எறங்கினப்ப, அமெரிக்கான்னா உசரக் கட்டடம்னு நெனைச்சு வந்தவ, பெரியவரோட டிராக்டர் கொட்டாய்க்குப் பக்கத்துல ரெண்டு ரூம்புல குடித்தனம். எனக்கு வெசனமே இல்ல. ஏன்னு கேளு. குழாயைத் திருகினா தண்ணி வந்துச்சு. எங்கப்பன் கெணறு வத்தினதைப் பாத்தவ நான். பக்கத்துக் காட்டுக்காரன் போர் போட்டு ஆழத்துல உறிஞ்சுபோட்டான், எங்க கெணத்துல பாறை தெரிஞ்சுபோச்சு. எங்கப்பன் மாட்டை வித்துப்போட்டுத் திருப்பூரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போனாரு. அந்தப் பக்கத்துக் காட்டுக்காரன் மொகத்துல நான் சாகறவரைக்கும் முழிக்கமாட்டேன். அவன் செத்தே போயிட்டான், அது வேற.

பெரியவருக்குப் புள்ளைங்க இல்ல. அவரு காலத்துக்கப்பறம் தோட்டம் எங்க கைக்கு வந்துச்சு. நாப்பது ஏக்கர். அதை எம்பது ஆக்கினோம். லூப்பேன்னு ஒரு மெக்சிகோக்காரி, இந்தச் சந்துக் கடைசியில பச்சைக் கேட்டுப் போட்ட வீடு, வரும்போது பாத்திருப்பே. அவதான் எங்களுக்கு அறுவடைக்கு ஆள் கூட்டிட்டு வருவா. என்னை விடச் சின்னவ, புருசன் இல்லாதவ. என் பேரு அவ வாயில நொழையாது, "மே"ம்பா. ஒரு பண்டிகைன்னா அவ வீட்டுச் சோளமாவுக் கொழுக்கட்டை இங்க வரும், என் பணியாரம் அங்க போகும். என் மகளுக்குத் தலை பின்னி விட்டவ அவ. அவளைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

அப்பத்தான் மழை நின்னுச்சு. ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம் இல்ல. அந்த நேரத்துல பெரிய கம்பெனி ஒண்ணு வந்து மலையடிவாரம் வரைக்கும் நெலத்தை வளைச்சுப்போட்டு, கண்ணுக்கெட்டின தூரம் பாதாம் நட்டு, போர் மேல போராப் போட்டான். வேலைக்காரங்க குடியிருப்புல ஒவ்வொரு வீட்டுக் குழாயா நின்னுச்சு. குளிக்கப் பாட்டில் தண்ணி. ஜில்லா தண்ணி வாரியம்னு ஒண்ணு இருக்குது, மாசத்துக்கு ஒருக்காக் கூட்டம் போடுவாங்க, அதுல கேட்டா ஆய்வு நடக்குதும்பாங்க.

எங்கூட்டுக்காரரு ஒரு நா அந்தக் கூட்டத்துக்குப் போனாரு. நானும் போனேன். அவரு இங்கிலீசு உனக்குத் தெரியாது, இன்னிக்கும் கொடுமுடி வாசம் அடிக்கும். மைக்கு முன்னால நின்னாரு. நின்னுட்டு, இன்னிக்கு வீட்டுல தண்ணி இல்லாமக் குளிக்காம வந்தவங்க தயவு பண்ணி எந்திரிச்சு நில்லுங்கன்னாரு. அவ்வளவுதான். ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்டாங்க. கெழவி ஒருத்தி எந்திரிச்சா. அப்பறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, பாதி மண்டபம் நின்னுச்சு. மேடையில இருந்தவங்களுக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல. இவரு வந்து என் பக்கத்துல உக்காந்துட்டாரு. அன்னிக்கு எனக்கு இருந்த பெருமை, அம்மிணி, அதைச் சொல்லி மாளாது.

அதைப் பாத்துட்டுத்தான் வேடு வந்தாரு. வேடுன்னா நம்ம வடக்காலத் தோட்டத்து வெள்ளைக்காரரு, நாலு தலைமுறையா இங்கதான் பண்ணையம். நீதான் அசெம்பிளிக்கு நிக்கோணும்னு ஒரே புடி. நம்மூரு எம்.எல்.ஏ. மாதிரிதான் இங்க அசெம்பிளி மெம்பரு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத் தேர்தல். வேடு தன்ற வண்டியிலயே இவரைக் கூட்டிட்டு ஊரு ஊரா அலைஞ்சாரு. நான் மட்டும் சும்மா இருந்தனா? லூப்பேவும் நானும் வீடு வீடாப் போனோம். அவ ஸ்பானிசுல பேசுவா, நான் பக்கத்துல நின்னு சிரிப்பேன். ரேடியோவுல ஒருத்தன் இவரு பேசறதைப் பேசிக் காட்டிக் கேலி பண்ணினான். அதைக் கேட்டு ஆத்திரப்பட்டே இன்னொரு நூறு பேரு இவருக்கு ஓட்டுப் போட்டிருப்பாங்க. செயிச்சாரு.

செயிச்ச அன்னியிலிருந்து இந்த வீட்டுக்கு அவரு ஒறம்பரை மாதிரிதான். வெள்ளிக்கெழமை வருவாரு, திங்கக்கெழமை போயிருவாரு. மூணு தேர்தல் செயிச்சாரு. சந்தோசந்தான். ஆனா மரம் வெள்ளிக்கெழமை வரைக்கும் காத்துட்டு இருக்குமா? கெழக்கால இருபது ஏக்கர் புதுசா நட்டது நான். கன்னு தேடிப் புடிச்சு, வரிசை போட்டு, ஒவ்வொரு கன்னுக்கும் குச்சி கட்டினது நான். அது காய்ப்புக்கு வர்ற வருசம் பாத்து எங்க பழைய போர்ல காத்து வருது. தண்ணி வரல, காத்து.

போன் பண்ணினேன். ஆழப்படுத்தறதுக்கு ஆள் கேட்டிருக்கேன்னேன். கொஞ்சம் பொறுன்னாரு. இங்க ஒரு சட்டம் பேசிட்டு இருக்கோம், அது வரட்டும்னாரு. நீங்க பொறுங்க, மரம் பொறுக்காதுன்னு வச்சுட்டேன். போர் லாரிக்குத் தவம் கெடக்கற காலம் அது. நான் அந்தக் கம்பெனி வாசல்லயே போயி உக்காந்து கூட்டிட்டு வந்தேன். பழைய ஆழத்தை விட ரெண்டு மடங்கு போச்சு. தண்ணி வந்துச்சு பாரு, அம்மிணி. மண்ணு கலங்கி, அப்பறம் தெளிஞ்சு, பனங்கட்டி போட்ட மாதிரி இனிப்பு. அந்த லாரிக்காரன் சிரிக்கறான், நான் அழுகறேன். எங்கப்பன் இருந்திருந்தா அதைப் பாக்க வச்சிருப்பேன். இந்த ஊருல வேற எந்தப் பொம்பளை தனியா நின்னு போர் போட்டா, கேட்டுப் பாரு.

அந்த வெயில்காலத்துலயே லூப்பே வீட்டுக் கெணறு வத்திப்போச்சு. அவளுது சின்னக் கெணறு, வீட்டுக்கு மட்டும். காலம் அப்படி. அல்லாருக்கும் வத்துச்சு. நான் என்ன பண்ணினேன்? வா, நம்ம குழாயில எத்தனை வேணும்னாலும் புடிச்சுக்கோன்னேன். தெனமும் வருவா, பிளாஸ்டிக் கேனோட. ஒரு நா மொகம் சுளிச்சிருப்பனா நான்? கொஞ்ச நா வந்தா. அப்பறம் வர்றதை நிறுத்திப்போட்டா. அரசாங்கம் வாசல்ல வெச்ச தொட்டியிலயே புழங்கிக்கறேன்னுட்டா. அறுவடைக்கு ஆள் கூட்டிட்டு வரவும் இல்ல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. தண்ணி குடுத்தவகிட்ட எதுக்கு ஒருத்திக்குக் கோவம் வரோணும்? மனுசங்களே அப்படித்தான் போல.

அவ கெணறு வத்தின வாரம் அவரு வந்தப்ப, போர் இப்ப எத்தனை அடின்னு கேட்டாரு. சொன்னேன். சந்துக் கடைசிப் பச்சைக் கேட்டு வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வந்தாரு. சோறு போட்டேன், தின்னாரு.

சட்டத்துக்கு வர்றேன். இந்தப் பள்ளத்தாக்குக்குன்னு ஒரு தண்ணிச் சட்டம். நெலத்துக்கு ஏத்த அளவுதான் எறைக்கோணும், எச்சா எறைச்சாப் பம்பைப் பூட்டிருவாங்க. நாலஞ்சு வருசமா இவரு அதுக்குத்தான் தொண்டை கிழியக் கத்திட்டு இருந்தாரு. கம்பெனிக்காரன் விடல. கடைசியில அவங்க கட்சிப் பெரிய மனுசரு ஒருத்தரு இவரைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னாராம். இனிமேப் போடற போருக்கு மட்டும் சட்டம், ஏற்கெனவே ஓடற போருக்கு வேண்டாம்னு ஒரு வரி சேத்துக்கலாம், அல்லாரும் கை தூக்கிருவாங்கன்னு. எத்தனை நல்ல வழி, நீயே சொல்லு. கம்பெனிக்காரன் தப்பிச்சுக்குவான், சரி. நாமளும் தப்பிச்சுக்குவோம். வேடு தப்பிச்சுக்குவாரு. இவரு இன்னும் பத்து வருசம் அங்க உக்காந்திருக்கலாம். முடியாதுன்னுட்டாரு. ஓடற போரை விட்டுப்போட்டா அந்தச் சட்டம் எதுக்குன்னாராம்.

அதுவாச்சும் போச்சாதுன்னு விட்டிருப்பேன். ஓட்டெடுப்பு அன்னிக்குப் பேசினாரு பாரு. கம்ப்யூட்டர்ல நேரா காட்டுவாங்க. நான் இந்த மேசையில, இதே எடத்துல, பாதாம் ஒடைச்சுட்டே பாத்துட்டு இருக்கேன். மகள் போன்ல இருக்கா, அவளும் சியாட்டில்ல பாக்கறா. இவரு எந்திரிச்சாரு. சொன்னாரு: "இந்தச் சட்டம் வந்தா மொதல்ல நிக்க வேண்டியது என் தோட்டத்துப் போர்தான். அதை ஆழப்படுத்தின வருசத்துலதான் எங்க பக்கத்து வீட்டுக் குழாய் நின்னுச்சு. கம்பெனியை மட்டும் சொல்லிட்டு நான் உக்கார முடியாது."

என்ற கெணறு அம்மிணி. அத்தனை பேரு பாக்க, அந்தப் பெரிய மண்டபத்துல நின்னுட்டு, என்ற கெணத்தைச் சொல்லிப்போட்டாரு. நான் என்னமோ ஊரான் தண்ணியைத் திருடினவ மாதிரி. ஆழப்படுத்தினதுக்கும் லூப்பே வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? பூமிக்கு அடியில போயி எவன் எட்டிப் பாத்தான்? மழை இல்ல, வத்துச்சு. என் மகள் சொல்றா, அப்பா சரியாத்தான் சொன்னாருன்னு. போனை வச்சுப்போட்டேன். அவளுக்கென்ன, அவளுக்குப் பாதாம்னா கடையில வாங்கறது.

சட்டம் பாஸாச்சு. கைதட்டினாங்களாம். எனக்குக் காதுல ஒண்ணும் ஏறல.

அந்த வாரம் வெள்ளிக்கெழமை வந்தாரு. சனிக்கெழமை காலையில தூக்கு மெசினோட ஒரு லாரி வாசல்ல நிக்குது. பம்பை மேல எடுக்கறதுக்கு. கேட்டுக்கோ, சட்டம் அமலுக்கு வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது. ரெண்டு வருசம். வேற ஒருத்தனும் பம்புல கை வெக்கல.

நான் போர்க்கிட்டப் போயி நின்னுட்டேன். யாரைக் கேட்டு வரச் சொன்னீங்கன்னேன்.

"நான் அங்க நின்னு சொல்லிப்போட்டேன் மயிலா. சொன்ன பொறகு இது ஓடக்கூடாது" அப்படின்னாரு.

"சொன்னது நீங்க. கெணறு என்றது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா நீ வேண்டாம்பே. நீ வேண்டாம்னாலும் நான் எடுக்கத்தான் போறேன். அப்பறம் கேக்கற மாதிரி எதுக்கு நடிக்கோணும்?"

புருசன் பேசற பேச்சா இது? அந்த லாரிக்காரன், நான் கூட்டிட்டு வந்த அதே ஆளுதான், எம் மொகத்தைப் பாக்காமப் பைப்பு பைப்பா உருவிப் போட்டு, போர் வாயை மூடினான். சமையக்கட்டுல நின்னு நான் அத்தனை சத்தத்தையும் கேட்டேன். ஆறு வருசம் அவரு எங்கெங்கியோ எத்தனையோ பேருகிட்டக் கருத்துக் கேட்டிருக்காரு. ஊருக்கு ஊரு கூட்டம் போட்டு, உங்க கருத்து என்ன, உங்க கருத்து என்னன்னு. நாப்பது வருசம் ஒரு வீட்டுல இருக்கறவகிட்டக் கேக்கல. நீ எழுதறதா இருந்தா இதை எழுது. சட்டம் நல்ல சட்டமோ கெட்ட சட்டமோ, எனக்குத் தெரியாது. என்னைக் கேக்கல.

மத்த அறுபது ஏக்கரு வாய்க்கால் தண்ணியில தப்பிச்சுது. கெழக்கால இருபது ஏக்கரும் அந்தக் கோடையிலயே காஞ்சுது. காய்ப்புல இருந்த மரம். அடியோட புடுங்கி, பொடியாக்கி, மண்ணுலயே பரப்பிட்டுப் போயிட்டாங்க. இப்பப் பாத்தீன்னா வெறுங்காடு. அதுல என்னமோ பார்லி வெதைக்கறாரு, மழைத் தண்ணிக்கு.

வேடு ஒரு நா வந்தாரு. உள்ள வான்னா வரல. வாசல்ல வண்டிக்குப் பக்கத்துலயே நின்னாரு. நாலு தலைமுறைப் பண்ணையத்தை ஒரு கைதூக்கல்ல முடிச்சுப்போட்டயே, நான்தான உன்னை வண்டியில வெச்சு ஊரெல்லாம் காட்டினேன்னாரு. அந்தாளுக்குக் கண்ணு கலங்குது. அதுக்கு இவரு சொன்னாரு, உன்கிட்ட நான் பொய் சொல்லி ஓட்டு வாங்கல வேடுன்னு. வேடு தலையாட்டினாரு. இந்தத் தேர்தல்ல உனக்கு எதுத்து நான் நிக்கறேன், அதை என் வாயாலயே சொல்லிப்போடோணும்னுதான் வந்தேன்னுட்டுப் போயிட்டாரு. யோக்கியமான மனுசன். அதுக்கப்பறம் ஊரு நடந்துக்கிட்டதைச் சொல்லோணுமே. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருபது வருசமாப் பேரு சொல்லிக் கூப்பிட்டவன், என்ன வேணும்னு யாரோ மாதிரிக் கேக்கறான். என் வண்டிக் கண்ணாடியில சேத்தை அடிச்சு வெச்சிருந்தான் ஒருத்தன். அவரு தலைநகரத்துல இருக்காரு, சேத்தைக் கழுவினது நான்.

லூப்பே வீட்டுலயா? வந்துச்சு. போன மழைக்கு அவ கெணத்துல தண்ணி வந்துச்சு. ரெண்டு வருசம் நல்ல மழை, வராம என்ன பண்ணும்? அதுக்கும் இவருதான் காரணம்னு அவ நெனைப்பு. பாத்திரம் நெறைய அந்தக் கொழுக்கட்டையைச் செஞ்சு எடுத்துட்டு இந்த வாசலுக்கு வந்தா. எத்தனையோ வருசத்துக்கு அப்பறம். கதவைத் தொறந்தது நான். என்னைப் பாத்து, மே, செனி இருக்காரான்னா. அவரு பேரு சென்னியப்பன், அவ வாயில செனி. இருக்காருன்னு வழி விட்டேன். அவருகிட்டப் பாத்திரத்தைக் குடுத்துட்டு, குழாயைத் தொறந்து மூடற மாதிரி கையைக் காட்டிச் சிரிச்சா. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. தெனமும் தண்ணி குடுத்தவளுக்கு ஒரு வார்த்தை இல்ல. அந்தக் கொழுக்கட்டையை நான் தொடல.

என்ன கேட்டே? தோத்தப்ப வருத்தப்பட்டாரான்னா? அவருக்கா? கொஞ்ச ஓட்டுலதான் தோத்தாரு. வேடுக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னாரு, அடுத்த நாள் கத்திரியை எடுத்துட்டுக் கவாத்துக்குப் போயிட்டாரு. அப்படித்தான் எழுதியிருக்காங்க அந்த ரெண்டு பேரும், பெருந்தன்மைன்னு. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். நீயும் போன்ல பதிஞ்சுக்கோ.

நான் வேடுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

ஒளிச்சுப் போடல. இங்கெல்லாம் ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே தபால்ல வரும், நெரப்பி உறையில போட்டு அனுப்போணும். அவருக்கு எதுத்தாப்புல, இதே மேசையில உக்காந்துதான் நெரப்பினேன். காப்பி குடிச்சுட்டு இருந்தாரு. சீட்டைத் திருப்பி அவரு பக்கம் தள்ளி, பாத்துக்குங்க, யாருக்குப் போட்டிருக்கேன்னு பாத்துக்குங்கன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுட்டுப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. கத்துவாருன்னு இருந்தேன். கத்தோணும்னுதான் காட்டினேன். எதுக்குடி இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அத்தனையும் அன்னிக்கே பேசித் தீத்திருப்பேன் நான்.

சரின்னாரு. சீட்டை என்கிட்டயே குடுத்தாரு.

மடிச்சு உறையில போட்டு ஒட்டி மேசையில வீசினேன். அவரு ஓட்டையும் போட்டு, ரெண்டு உறையையும் எடுத்துட்டு எந்திரிச்சாரு. லைப்ரரி முன்னால பொட்டி வெச்சிருக்காங்க, அதுல போடறதுக்கு. கதவு வரைக்கும் போனவரு நின்னாரு. என் உறையைத் திருப்பிப் பாத்தாரு. திரும்பி வந்தாரு.

"மயிலா, பின்னாடி கையெழுத்துப் போட மறந்துட்டே. அது இல்லாட்டி எண்ணமாட்டாங்க" அப்படின்னு உறையை முன்னால வச்சாரு. சட்டைப் பையில இருந்து பேனாவும் அவரே எடுத்துக் குடுத்தாரு.

போட்டேன் அம்மிணி. போடாம? கையெழுத்துக் கோணலாப் போச்சு. கோவத்துலதான். வேற ஒண்ணுமில்ல, கோவத்துலதான்.